மூங்கிலாய் நின்ற இந்திரன்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராண படனம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைப் பதம் பிரித்துப் பொருள் சொல்வார். இதைப் பயன் சொல்லுதல் என்போம். காஞ்சிக் குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாசாரியார் பாடியது அந்தப் புராணம். ஆறு காண்டங்கள், 10,345 பாட்டுகள். வாசிப்பு மாதக்கணக்கில் நடக்கும். சூரபன்மன் வதைப் படலம் ஐப்பசிக் கந்தசஷ்டியோடு பொருந்தி வரும்படி நாள் பார்த்துத் தொடங்கும் கோயில்களும் உண்டு. எங்கள் பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் என்றே பெயரிட்டு அழைத்தார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. வயலுக்குப் போகிறவரும் கடைக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே பாயில் இருந்து கேட்ட புராணம் அது.

நான் பயன் சொல்பவன். பாடசாலையில் தமிழ் படிப்பித்த நாள்களிலேயே என் ஆசானுக்குப் பக்கத்தில் இருந்து பழகிய பணி இது. இந்தப் பணி எனக்குத் தமிழ் தந்தது, சைவம் தந்தது. இவற்றுக்கும் மேலாக ஒன்று தந்தது: பயத்தை எப்படிப் பார்ப்பது என்று காட்டித் தந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபன்மன் ஆணவம். மூன்று அசுரரும் உயிரைப் பற்றிய மூன்று மலங்கள், வேல் ஞானசக்தி. கந்தபுராணத்தின் உட்பொருள் என்று சைவசித்தாந்தம் சொல்வது இது. எங்கள் பக்கத்தில் சமய பாடம் படித்த பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் இதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிவிட்டுப் போனால் சபை தலையாட்டும். வீட்டுக்குப் போனதும் பழைய பயம் பழைய இடத்தில் இருக்கும். உட்பொருள் வேலை செய்யவேண்டுமானால் ஒவ்வொரு படலத்திலும் நின்று, இந்தப் பாத்திரம் எனக்குள் எங்கே இருக்கிறது, இது என்ன செய்கிறது, முருகன் இதற்கு என்ன செய்தார் என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டு போனால், வீரத்தைப் பாடும் இந்த நூலில் பயம் எத்தனை உருவத்தில் வருகிறது என்பது தெரியும். ஒவ்வோர் உருவத்துக்கும் புராணம் வெவ்வேறு மருந்து சொல்கிறது என்பதும் தெரியும்.

முதலில் வருபவன் இந்திரன். சூரபன்மனுக்குப் பயந்து அமராவதியை விட்டு ஓடி, இந்திராணியோடு சீகாழிக்கு வந்து, மூங்கில் வடிவில் மறைந்து நிற்கிறான். தேவர்க்கரசன் ஒரு மூங்கில். அசையாமல் நின்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற எண்ணம் பயந்த மனத்தின் முதல் எண்ணம். நான் பார்த்த பல பேர் இந்த நிலையில்தான் வாழ்கிறார்கள். வேலைக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். உள்ளே மூங்கிலாய் நிற்பார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து, வலிகாமத்தை விட்டுச் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்த சனத்துக்கு இந்தப் படலத்தைப் பொழிப்புச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒளிப்பதும் ஓடுவதும் கோழைத்தனம் என்று அவர்கள் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. புராணமும் சொல்லவில்லை. மறைந்து நின்ற அந்த இடத்தில் இந்திரன் நந்தவனம் வைத்துச் சிவபூசை செய்கிறான். மழையில்லாமல் நந்தவனம் வாடுகிறது. விநாயகர் காகமாகி அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்க்க, காவிரி அங்கே பாய்ந்து வருகிறது. இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். சூரன் இன்னும் ஆண்டுகொண்டுதான் இருக்கிறான், பயம் இன்னும் தீரவில்லை. ஆனால் பூக்களுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தின் நடுவிலும் நாளாந்தம் செய்யும் ஒரு நல்ல காரியத்தை விடாமல் பிடித்திருப்பதுதான் முதல் மருந்து. பயம் போன பிறகு பூசை செய்யலாம் என்று இந்திரன் காத்திருக்கவில்லை.

அடுத்தது கிரௌஞ்சம். அசுரன் ஒருவன் மலையாகி நின்று, வருபவர்களுக்கு வழி திறந்து காட்டுவான்; உள்ளே போனபின் வழியை மறைப்பான். அகத்தியரையே அப்படி அலைக்கழித்து, அவர் சாபத்தால் மலையாகவே நின்றவன். தாரகன் பின்னால் ஓடி இந்த மலைக்குள் புகுந்த முருகனின் படைத்தலைவர் வீரவாகுவும் தம்பியரும் மயங்கி விழுகிறார்கள். பயத்தின் மாயை வேலை இதுதான். பயந்த மனத்தில் வழி இல்லாமல் இல்லை, வழிகள் கூடிப்போகின்றன. இப்படி நடந்தால் என்ன செய்வேன், அப்படி நடந்தால் யாரைக் கூப்பிடுவேன் என்று ஒவ்வொரு நினைப்பும் ஒரு பாதையைத் திறக்கும். ஒவ்வொரு பாதையும் மலையின் இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகும்.

இது எனக்கு விளங்கியது ஓர் ஆஸ்பத்திரியில். ஷெல் விழுந்த காலத்தில் பனங்குற்றியும் மண்மூடையும் அடுக்கிய பங்கருக்குள் இரவுகளைக் கழித்தவன் நான். அன்றிலிருந்து அடைத்த இடம் எனக்கு ஒத்துவராது. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அந்தக் குழாய்க்குள் பலகை மெல்ல நகர்ந்து போனதும் மூக்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வெள்ளைச் சுவர். கையில் ஒரு ரப்பர் உருண்டை தந்திருந்தார்கள், முடியாவிட்டால் அமத்தலாம். இயந்திரம் தட்டத் தொடங்கியது. இப்போது அமத்துவோமா, இன்னும் கொஞ்சம் பொறுப்போமா, மூச்சு அடைத்தால் என்ன செய்வது, கரண்ட் நின்றால் இவர்கள் எப்படி வெளியே எடுப்பார்கள் என்று நினைப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாய் ஓடின. ஒவ்வொன்றுக்கும் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது கிரௌஞ்சம் நினைவுக்கு வந்தது. வீரவாகு மலைக்குள் நின்று வழி தேடினார். முருகன் வெளியே நின்று மலையை மலையாகவே பார்த்தார். உள்ளே எத்தனை பாதை என்று அவர் ஆராயவில்லை. வேல் ஒன்றுதான் போனது; தாரகன் மார்பும் பிளந்தது, மலையும் பிளந்தது. நானும் நினைப்புகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினேன். இவை தனித்தனிக் கேள்விகள் இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே மலை, இதன் பெயர் கிரௌஞ்சம் என்று மனத்துக்குள் சொன்னேன். நெஞ்சு இடிப்பது நிற்கவில்லை. ஆனால் உருண்டையை அமத்தாமல் முடியும்வரை படுத்திருந்தேன். வேல் ஞானம் என்று எத்தனையோ முறை சபையில் சொல்லியிருக்கிறேன். அது என்ன செய்யும் என்பதை உடம்பால் அறிந்தது அன்றுதான்: ஞானம் கேள்விக்குப் பதில் தருவதில்லை, கேள்விகளின் வேரைக் காட்டுகிறது.

கிரௌஞ்சம் பிளந்ததும் வீரவாகுவும் மற்றவர்களும் நித்திரையால் எழும்புகிறவர்கள் போல எழுந்து வருகிறார்கள். அவர்கள் அழியவில்லை, மயங்கித்தான் கிடந்தார்கள். பயத்தில் சிக்கியவருக்கு இதைச் சொல்வது முக்கியம். உங்கள் வீரம் போய்விடவில்லை, மலைக்குள் மயங்கிக் கிடக்கிறது.

மூன்றாவது சிங்கமுகன். ஆயிரம் தலை, இரண்டாயிரம் கை. வெட்ட வெட்டத் தலைகள் முளைக்கும். இந்தப் படலம் வாசித்து முடிந்த ஓர் இரவு, பிரசாதம் வாங்கிக்கொண்டு எல்லாரும் எழும்பிப் போன பிறகு ஒரு தாய் தூணோடு நின்றார். போர்க்காலத்தில் வீட்டில் ஓர் இழப்பைக் கண்டவர்.

“மாஸ்ரர், அந்தத் தலையள் வெட்ட வெட்ட முளைக்குது எண்டு சொன்னியள். எனக்கும் அப்பிடித்தான். ராவில படலையடியில மோட்டார் சைக்கிள் வந்து நிண்டால் கை கால் ஓடாது. எழும்பிப் போய்ப் பாப்பன். பக்கத்து வீட்டுப் பெடியன்தான். மனம் ஆறும். அடுத்த நாள் திரும்ப அதே.”

“போய்ப் பாக்கிறது ஒரு தலையை வெட்டிற மாதிரித்தான், பிள்ளை,” என்றேன். “அந்த ராத்திரிக்குச் சரி. அடுத்த நாளைக்கு வேற தலை வரும்.”

“அப்ப முருகன் என்ன செய்தவர்?”

அவர் கேட்டது சரியான கேள்வி. முருகன் வெட்டுவதை விட்டுவிட்டு ஓர் அதட்டல் போட்டார். அந்த ஒலியில் முளைப்பது நின்றது. பிறகுதான் சண்டை ஒரு முடிவுக்கு வந்தது. தலையோடு போராடுவது வேறு, முளைப்பதை நிறுத்துவது வேறு. கன்மம் என்று சித்தாந்தம் சொல்வது இந்த முளைப்பைத்தான். செய்தது பலனாகி, பலன் மறுபடி செயலாகும் சுழல். பயத்திலும் அதே சுழல் இருக்கிறது. பயம் வந்ததும் ஏதோ ஒன்று செய்கிறோம், அது ஆறுதல் தருகிறது, அந்த ஆறுதலே அடுத்த பயத்துக்கு விதையாகிறது.

சில வாரங்களின் பின் அவரே வந்து சொன்னார்: “இப்பவும் பயம் வரத்தான் செய்யுது, மாஸ்ரர். ஆனா எழும்பிப் போய்ப் பாக்கிறேல்லை. முருகா எண்டு ஒருக்காச் சத்தமாச் சொல்லிப்போட்டு இருந்த இடத்திலயே இருப்பன். சைக்கிள் தன்பாட்டில போயிடும்.” இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, படலத்திலிருந்து அவர் தானே எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கும் போய்வரச் சொன்னேன். போனார். இரண்டும் சேர்ந்துதான் அவருக்கு உதவின என்பது அவர் வார்த்தை. பயன் சொல்பவன் வைத்தியன் இல்லை. கோயிலில் கேட்கும் புராணமும் வைத்தியரின் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையும் இல்லை.

இனிச் சூரபன்மன். எல்லாரையும் பயப்படுத்தியவன். தேவரை மீன் சுமக்க வைத்தவன், இந்திரன் மகன் சயந்தனைச் சிறையில் அடைத்தவன். ஆனால் அவன் கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். கடுந்தவம் செய்து, வேள்வித் தீயில் தன்னையே போட்டு, 1008 அண்டங்களையும் 108 யுகம் ஆளும் வரம் வாங்குகிறான். அதோடு, தன்னை எதுவும் அழிக்கக்கூடாது என்ற காப்பும் வேண்டுகிறான். ஊரையெல்லாம் நடுங்க வைப்பவனின் அடிமனத்தில் இருப்பது சாவுப் பயம். ஆணவத்தின் உள்ளே பயம் இருக்கிறது. இது தெரிந்தால் எங்கள் பயத்தின் அடியில் ஆணவம் இருப்பதும் தெரியும்: நான் அழியக்கூடாது, என் பெயர் கெடக்கூடாது, என் கணக்குத் தப்பக்கூடாது. சபையில் பேசப் பயம், நோய்ப் பயம், முதுமைப் பயம் எல்லாவற்றிலும் இந்த ‘நான்’ உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கந்தசஷ்டிச் சூரன்போரில் சூரனின் உருவத்தைப் பெடியன்கள் தோளில் தூக்கி ஆட்டிக்கொண்டு வருவார்கள். தாரகனுக்கு யானைத் தலை, அது விழுந்ததும் சிங்கத் தலை, பிறகு சூரன் தலை. பிறகு மாமரக் கொப்பு. கடைசியில் சேவலும் மயிலும். கிட்ட நின்று பார்க்கிறவருக்கு ஒன்று தெரியும்: மாறுவது தலைதான், உடம்பு ஒன்றே. மூன்று மலமும் ஓர் உயிரைப் பற்றியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நான் கண்டதில்லை. பட்டினி விரதம் இருந்து ஆறாம் நாள் வெயிலில் நின்று அதைப் பார்ப்பவர்களுக்கு விரிவுரை தேவைப்படுவதில்லை.

போரின் நடுவில் முருகன் தன் பெருவடிவைச் சூரனுக்குக் காட்டுகிறார். சூரன் மெய்ம்மறந்து வியக்கிறான். கால்கள் சுற்றி வந்து வணங்க விரும்புகின்றன, நெஞ்சு கரைகிறது. அடுத்த கணம் பழைய மானம் திரும்பி வந்து அவனைப் பிடிக்கிறது. இருளாகிறான், பிறகு கடலில் மாமரமாகி நின்று உலகமெல்லாம் அதிரக் குலுங்குகிறான். இந்தப் பகுதியைச் சொல்லும்போது நான் அவசரப்படுவதில்லை. ஒருநாள் பிரார்த்தனையில் பயம் விலகி மனம் அகன்றுபோனது போலத் தோன்றும். மறுநாள் விடிய அது முன்னையிலும் பெரிதாய் நிற்கும். நம்பிக்கை போய்விட்டதென்று பலர் அங்கே சோர்ந்துவிடுகிறார்கள். தரிசனம் கண்ட பிறகும் சூரனுக்கு மாமரம் இருந்தது. எனவே அது தோல்வியின் அடையாளம் இல்லை. கதையின் கடைசிக் கட்டம் நெருங்கிவிட்டதன் அடையாளம்.

வேல் மாமரத்தைப் பிளந்தது. சூரன் உடல் இரு கூறானது. கூறு இரண்டும் சேவலும் மயிலுமாகி மறுபடி சண்டைக்கு வருகின்றன. இதைப் பலர் கவனிப்பதில்லை. பிளந்த உடனேயே அவை சாதுவாகிவிடவில்லை. முருகன் அருளோடு ஒரு பார்வை பார்க்கிறார். அதன் பிறகுதான் பகை போகிறது. மயில் வாகனமாகிறது, சேவல் கொடியாகிறது. ஆணவமலம் இல்லாமல் போவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது என்பது மெய்கண்டார் வழிச் சித்தாந்தம். பயத்துக்கும் அதுவே. பயத்தை வேரோடு பிடுங்கி எறியப் பார்க்கிறவர் இன்னொரு சூரனை வளர்க்கிறார். அறிவு அதைக் கூறுபோடும். அதன் பிறகும் அது கொத்த வரும். அந்த நேரத்தில் அதை வெறுக்காமல் பார்க்கவேண்டும். சபையில் பேசப் பயந்தவரின் பயம் கவனமாய் ஆயத்தம் செய்யும் பழக்கமாகும். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கிய தாயின் பயம், அயல்வீட்டுப் பிள்ளைக்கும் இரங்கும் மனமாகும். சுமந்து செல்லும் மயில் அது, நேரத்துக்கு எழுப்பிவிடும் சேவல் அது.

இங்கே நான் மிகவும் நேசிக்கும் ஓர் இடம் உண்டு. சூரன் சக்கரவாகப் பறவையாகிப் போர் செய்த வேளையில், முருகனைத் தாங்க ஒரு மயில் வருகிறது. அது சூரன் மயில் இல்லை. அந்த மயில் வருவது பிந்தித்தான். இந்த மயில் இந்திரன். சீகாழியில் மூங்கிலாய் அசையாமல் நின்றவன், போர்க்களத்தின் நடுவில் சிறகு விரித்து ஆண்டவனைச் சுமக்கிறான். பகை மயிலாவதற்கு முன் பயந்தவன் மயிலாகிறான். பயத்தை வெல்லும் வழி முழுவதும் இந்த வரிசையில் இருப்பதாக நான் நம்புகிறேன். பயம் தீர்ந்தபின் நல்லது செய்வோம் என்று இருந்தால் அந்த நாள் வராது. பயந்தபடியே, உன்னைவிடப் பெரிய ஒன்றைச் சுமக்க முன்வா. எதிரே நிற்கும் சூரன் வாகனமாவது அதன் பிறகு நடக்கும்.

பயன் சொல்ல வரும் இளையவர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்வேன். கதையை முழுக்கக் கதையாகவே முதலில் சொல்லுங்கள். சிங்கமுகனின் தலைகள் சபையின் கண்முன்னே உருளவேண்டும், அதன் பிறகு உட்பொருளைத் தொடுங்கள். கதையில் பயப்படாதவருக்கு உட்பொருளில் ஆறுதல் கிடைக்காது. அடுத்தது, அசுரனை வெளியே தேடாதீர்கள். மாமியாரும் அயலவரும் எதிர்க்கட்சிக்காரரும் சூரனாகத் தெரிந்த கணமே வாசிப்பு கெட்டுவிடும். எல்லாப் பாத்திரமும் கேட்பவருக்கு உள்ளேயே இருக்கட்டும். மூன்றாவது, மெய்யான ஆபத்தில் நிற்பவருக்கு உட்பொருள் சொல்லாதீர்கள். அடிக்கிற புருஷனுக்குப் பயப்படும் பெண்ணுக்கு அது மாயை என்று சொல்வது பாவம். அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். இந்திரனுக்கும் முதலில் கிடைத்தது அதுதான்; இந்திராணிக்குக் காவலாக ஐயனாரும் அங்கே இருந்தார்.

எனக்கு ஏன் இப்படி ஒரு பயம் வந்தது, நான் என்ன குற்றம் செய்தேன் என்று சபையில் அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்குப் புராணத்தின் அமைப்பையே பதிலாகக் காட்டுவேன். தேவருக்கு இந்தத் துன்பம் ஏன் வந்தது என்ற கேள்வியைச் சயந்தன் வியாழ பகவானிடம் கேட்பதும், தக்கன் வேள்வியில் அவர்கள் கலந்துகொண்டதை அவர் காரணமாக எடுத்துச் சொல்வதும் ஆறாவது காண்டத்தில்தான் வருகின்றன. அப்போது சூரன் போய்விட்டான், சிறை திறந்துவிட்டது, தெய்வயானை திருமணமும் முடிந்துவிட்டது. சிறைக்குள் சயந்தன் புலம்பிய இரவில் முருகன் கனவில் வந்தார். வந்து காரணம் சொல்லவில்லை, தேற்றினார்.

ஆகவே பயத்தில் இருப்பவர் காரணத்தை ஆராய்ந்துகொண்டு முதல் அடியிலேயே நிற்கவேண்டாம். ஒரு நல்ல காரியத்தை நாளாந்தம் பிடித்துக்கொள்ளுங்கள். மலையை மலையென்று பாருங்கள். முளைப்பதை அதட்டுங்கள். மாமரம் குலுங்கினால் சோராதீர்கள். காரணம் கேட்கவும் ஒரு காண்டம் இருக்கிறது. அது கடைசிக் காண்டம். அதைத் தெளிந்த மனத்தோடு வாசிக்கலாம்.